தலைநகரில் ஒரு கட்டில் – 9: ஆறு பென்னி அறையின் ஜன்னல்

லண்டனில் ஓர் இரவு தங்க ஏன் இத்தனை செலவாகிறது என்ற கேள்விக்கு, நிலத்தின் விலை, 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, ஆண்டு முழுவதும் ஓயாத வருகையாளர் கூட்டம் ஆகியவற்றைக் காட்டி முந்தைய இதழ்களில் விடை சொல்லப்பட்டுவிட்டது. தொடர்ந்து படித்து வருவோருக்கு அது நினைவிருக்கும். இவ்வாரத்துக்கென அறிவிக்கப்பட்டவை இரண்டு: கோடையில் காலியாகும் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள், நகரின் நடுவிலிருந்து எவ்வளவு விலகித் தங்கினால் மொத்தச் செலவு குறையும் என்ற கணக்கு. முதலாவதற்குக் கீழே இடம் உண்டு. ஆனால் மலிவான தங்குமிடங்களுள் எது நல்லது, எது வெறும் மலிவு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோலை 1892ஆம் ஆண்டின் கடைசி நாளில், தென் லண்டனின் வாக்ஸ்ஹால் பகுதியில் திறக்கப்பட்ட ஒரு செங்கல் கட்டடம் எவரும் கேட்காமலே வகுத்துத் தந்திருக்கிறது.

அக்கட்டடத்தின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன் லண்டனில் கையில் காசில்லாதவர் எங்கே படுத்தார் என்பதைச் சிறிது சொல்லியாக வேண்டும். வேலை தேடி வந்தவர்களும் நாட்கூலிகளும் ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரிகளும் 'பொதுத் தங்கல் மனை' எனப்பட்ட வீடுகளில் தங்கினர். அதாவது, ஒருவரையொருவர் அறியாத பலர் ஒரே அறையில் படுத்து, இரவுக்கு இரவு கட்டில் கணக்கில் காசு கொடுக்கும் வீடுகள். அங்கே நோயும் திருட்டும் நெரிசலும் மிகுந்ததால், 1851இல் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியில் ஒரு சட்டம் இயற்றப்பட்டு, அவ்வீடுகள் பதிவு செய்யப்பட்டுக் காவல்துறையின் பார்வைக்குள் கொண்டுவரப்பட்டன. அதற்கும் கீழே வேறு படிகள் இருந்தன. ஒரு பென்னி கொடுத்தால் சூடான கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கலாம். இரண்டு பென்னிக்கு, பெஞ்சின் முன்னே கட்டப்பட்ட கயிற்றின்மேல் கைகளைப் போட்டுச் சாய்ந்துகொள்ளலாம். விடிந்ததும் கயிறு அவிழ்க்கப்படும். நான்கு பென்னி கொடுப்பவருக்குச் சவப்பெட்டியின் வடிவில் ஒரு மரப்பெட்டியும் மேலே போர்த்த ஒரு விரிப்பும் கிடைத்தன. காசு கூடக் கூட மனிதன் உட்காருவதிலிருந்து சாய்வதற்கும், சாய்வதிலிருந்து படுப்பதற்கும் உயர்ந்தான் என்ற இந்த ஏணியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், அடுத்து வந்தவர் அந்த ஏணியை எங்கே முறித்தார் என்பது விளங்கும்.

மான்டேகு கோரி என்பவர் பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலியின் அந்தரங்கச் செயலராகப் பணியாற்றி, 1880இல் ரோட்டன் பிரபு என்ற பட்டம் பெற்றவர். மது ஆலை உரிமையாளர் கின்னஸ் ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதற்காக 1890இல் நிறுவிய அறக்கட்டளையின் பொறுப்பாளர்களுள் ஒருவராக இருந்தபோது, பொதுத் தங்கல் மனைகளின் நிலையை அவர் நேரில் ஆராய்ந்தார். குடும்பத்துக்கு வீடு கட்டித்தர ஆள் இருக்க, தனியாளுக்கு ஓர் அறை கட்டித்தர ஆள் இல்லை என்ற குறை அவர் கண்ணில் பட்டது. அறக்கட்டளை தயங்கிய நிலையில், தம் சொந்தப் பணத்திலிருந்து 30,000 பவுண்ட் போட்டு, ஹாரி பெல் மெஷர்ஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வாக்ஸ்ஹாலில் முதல் 'ரோட்டன் மாளிகை'யைக் கட்டினார். இரவு வாடகை ஆறு பென்னி. அக்காலக் கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். ஆகவே ஒரு பவுண்டுக்கு நாற்பது இரவுகள். சவப்பெட்டிக்கும் இந்த அறைக்கும் இடையில் இருந்தது வெறும் இரண்டு பென்னி வேறுபாடு.

அந்த இரண்டு பென்னியில் என்ன கிடைத்தது என்பதுதான் இவ்வாரம் முழுக் கவனத்தையும் இழுத்துக்கொண்டது. 400க்கும் மேற்பட்ட சிற்றறைகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 அடி அகலமும் 7 அடிக்குச் சற்றுக் கூடுதலான நீளமும் கொண்டது. தடுப்புகள் கூரைவரை எட்டாததால் பக்கத்து அறைக்காரரின் இருமல் கேட்கும். ஆனால் அவர் முகம் தெரியாது. உள்ளே ஓர் இரும்புக் கட்டில், துவைத்த விரிப்பு, ஒரு நாற்காலி, துணி மாட்ட ஓர் ஆணி, ஒரு தட்டுப் பலகை. இவற்றுக்கு மேலாக ஒவ்வொரு சிற்றறைக்கும் தனி ஜன்னல் ஒன்று இருந்தது. அதைத் திறப்பதும் மூடுவதும் உள்ளே படுத்திருப்பவரின் விருப்பம். பெருங்கூடம் ஒன்றைத் தட்டிகளால் பிரித்தால் நடுவில் இருப்பவருக்கு ஜன்னல் வாய்க்காது என்பதால், கட்டடத்தின் அமைப்பே ஜன்னல்களை எண்ணித் திட்டமிடப்பட்டிருக்க வேண்டும்: நீண்டு குறுகிய பகுதிகள், இருபுறமும் வெளிச்சுவர், நடுவே நடைபாதை, ஒரு ஜன்னலுக்கு ஒரு மனிதன். கூலியாள் ஒருவன் பிறர் அனுமதியின்றித் தன் கையால் திறக்கக்கூடிய பொருள் ஒன்று அந்த நகரில் அவனுக்கு வாய்த்தது என்பதை, பிரபுவும் கட்டடக் கலைஞரும் எந்த அளவுக்கு உணர்ந்து செய்தனர் என்று உறுதியாகச் சொல்ல முடியாது; அந்தக் கட்டடத்தின் அமைப்பு மட்டுமே அதைக் குறிப்பால் காட்டுகிறது.

அறை அவ்வளவு சிறியதாக இருக்க முடிந்ததற்குக் காரணம், அறைக்கு வெளியே இருந்தவை பெரியவையாக இருந்ததுதான். ஓடு பதித்த உணவுக்கூடம், வாங்கிவந்த இறைச்சியையும் மீனையும் தாமே சமைத்துக்கொள்ளப் பொது அடுப்புகள், நூல்கள் வைத்த வாசிப்பறை, புகைபிடிக்கத் தனிக்கூடம், கால் கழுவத் தொட்டிகள், வெந்நீர்க் குளியலறைகள், துணி துவைத்து உலர்த்த இடம் ஆகியன ஆறு பென்னிக்காரர் அனைவருக்கும் பொதுவாக அமைந்தன. பகலில் படுக்கைத் தளங்கள் பூட்டப்பட்டன. பகல் வாழ்க்கை கீழ்த்தளத்தில் நடந்தது. சென்னைவாசிகளுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நினைத்தால் அறையின் அளவு உடனே பிடிபடும்; ஆனால் மேன்ஷனில் இல்லாத வாசிப்பறையும் பொது அடுப்பும் ரோட்டன் மாளிகையின் உயிர்நாடியாக இருந்தன. இது தருமமாகவும் நடத்தப்படவில்லை. 1894இல் நிறுவனமாக்கப்பட்டு, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை வழங்கும் தொழிலாகவே அது நின்றது. கிங்ஸ் கிராஸ், நியூவிங்டன் பட்ஸ், ஹேமர்ஸ்மித், ஒயிட்சேப்பல் என்று கிளைகள் எழுந்து, 1905இல் கேம்டன் டவுனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் ஆர்லிங்டன் மாளிகை கட்டப்பட்டது. பிந்தையது வீடற்றோருக்கும் குறைந்த வருவாயினருக்கும் இடமளிக்கும் கட்டடமாக இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

எதிர்ப்பும் இருந்தது. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன், கிழக்கு லண்டன் வறுமையைப் பற்றி 1903இல் வெளியிட்ட நூலில், ஒயிட்சேப்பல் கிளை போன்ற பெருங்கூடங்களைக் குடும்பமும் வீடும் இழந்த மனிதரை அடுக்கிவைக்கும் இடங்களாகக் கண்டித்தார். ஜார்ஜ் ஆர்வெல்லோ, வறியவராகவே வாழ்ந்து பார்த்து 1933இல் எழுதிய நூலில், கட்டடங்களையும் குளியலறைகளையும் மனமாரப் பாராட்டிவிட்டு, கெடுபிடியான விதிகளைக் குறைசொன்னார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. எனினும் கயிற்றில் சாய்ந்து தூங்கியவனை அறிந்த ஆர்வெல்லின் தீர்ப்பே நியாயமானதாகத் தோன்றுகிறது. ரஷ்ய சமூக ஜனநாயகக் கட்சியின் ஐந்தாம் மாநாடு 1907இல் லண்டனில் நடந்தபோது வந்திருந்த ஸ்டாலின், அதே ஒயிட்சேப்பல் மாளிகையில் சில இரவுகள் தங்கியதாக ஒரு செய்தி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அக்கட்டடம் பிற்காலத்தில் தனியார் அடுக்ககமாக மாற்றப்பட்டுவிட்டது. ரோட்டன் மாளிகைகள் ஆண்களுக்கு மட்டுமே என்பது அவற்றின் பெருங்குறை. பெண்களுக்கென அதேபோன்ற ஒரு மனை, ஏடா லூயிஸ் என்ற செல்வச் சீமாட்டி விட்டுச்சென்ற பணத்தில், நியூ கென்ட் சாலையில் 1913இல்தான் திறக்கப்பட்டது.

இங்கிருந்து பெறப்படும் அளவுகோல் இதுதான்: தங்கும் அறை சுருங்கும்போது, அதற்கு ஈடாக அறைக்கு வெளியே என்ன தரப்படுகிறது? சமைக்க அடுப்பு, உட்காரக் கூடம், துணி துவைக்க இடம், படிக்க வெளிச்சம் ஆகியவை வெளியே இருந்தால் அறை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது வாழத் தக்க சிக்கனம். வெளியே ஒன்றும் இல்லாமல் அறை மட்டும் சுருங்கினால், குறைந்த வாடகையை உணவகத்திலும் சலவைக் கடையிலும் காப்பிக் கடையிலும் கட்டித் தீர்க்க வேண்டியதுதான். லண்டன் செல்லும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் இரவு வாடகையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த அளவுகோலை இன்றைய சிக்கன ஹோட்டல்மீது வைத்துப் பார்க்கலாம். 2005இல் லண்டனின் தென் கென்சிங்டன் பகுதியில் முதல் ஈஸிஹோட்டல் திறக்கப்பட்டபோது, மலிவு விமான நிறுவனத்தின் முறை அப்படியே அறைக்கும் பொருத்தப்பட்டது; அதாவது அடிப்படை விலையில் கட்டிலும் குளியலறைப் பெட்டியும் மட்டும், தொலைக்காட்சி பார்ப்பதற்கும் அறையைத் தூய்மை செய்வதற்கும் தனிக் கட்டணம். ஜன்னலில்லா அறைகள் மலிவாகவும், ஜன்னல் உள்ளவை அதற்கு மேலாகவும் விற்கப்பட்டன. 1892இல் ஆறு பென்னிக் கூலியாளுக்கு உரிமையாகத் தரப்பட்ட ஒன்று, 113 ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் கூடுதல் காசு பெறும் பொருளானது. ஜப்பானின் ஒசாகாவில் 1979இல் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்த கேப்ஸ்யூல் விடுதி, ஒருவர் படுக்க மட்டுமே முடிந்த பெட்டிகளைக் கொண்டிருந்தும், பொதுக் குளியல் தொட்டியையும் ஓய்வுக்கூடத்தையும் உடன் தந்ததால் இதைவிட ரோட்டனுக்கு நெருக்கமானது. ஒரே இரவு தங்குபவர், பின்னிரவில் வந்து விடியலில் விமானம் ஏறுபவர் ஆகியோருக்கு ஜன்னலில்லா அறை போதும்; மூன்று நாளுக்கு மேல் தங்குபவரும், குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் நகருக்குப் போகிறவரும் முன்பதிவின்போது 'ஜன்னல் இல்லை' என்ற சிறிய எழுத்தைத் தேடிப் படிப்பது அவசியம்.

அளவுகோலில் தேறுபவை பெரும்பாலும் பயணிக்காகக் கட்டப்படாத கட்டடங்களாக இருப்பதில் வியப்பில்லை. யாரோ ஒருவர் அன்றாடம் வாழ்வதற்குக் கட்டிய இடத்தில்தான் அடுப்பும் கூடமும் இருக்கும். இளைஞர் விடுதி எனப்படும் யூத் ஹாஸ்டல் முறையே அப்படிப் பிறந்ததுதான். 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 26 அன்று, ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர், மாணவருடன் நெடுநடைப் பயணம் சென்றபோது புயலில் சிக்கி, விடுமுறைக்காக மூடியிருந்த கிராமப் பள்ளியொன்றில் ஒதுங்கினார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளைத் தங்குமிடமாக்கலாம் என்ற எண்ணம் அந்த இரவில் உதித்து, 1912இல் ஆல்டேனா கோட்டையில் நிரந்தர விடுதியாக வடிவம் பெற்று, 1930இல் இங்கிலாந்தின் ஒய்.எச்.ஏ. சங்கமாக விரிந்தது. அச்சங்கத்தின் லண்டன் விடுதிகளுள் ஒன்று, புனித பவுல் பேராலயத்தின் பாடகச் சிறுவர் 19ஆம் நூற்றாண்டில் படித்த பள்ளிக் கட்டடத்தில், பேராலயத்துக்குத் தெற்கே கார்ட்டர் சந்தில் அமைக்கப்பட்டது. டவர் அருகே டாக் தெருவில் மாலுமிகள் தங்கிய மனை ஒன்றும், கிளார்க்கன்வெல்லில் ஒரு பழைய நீதிமன்றமும் இவ்வாறே விடுதிகளாயின. பின்னதில் கைதிகளை அடைத்த சிறு கூண்டறைகளுக்கும் கட்டில் போட்டு வாடகைக்கு விட்டார்கள்.

இவ்விடுதிகளில் 'டார்ம்' என்பது நான்கு முதல் பன்னிரண்டுவரை, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட அடுக்குக் கட்டில்கள் கொண்ட பொது அறை; விலை அறைக்கன்று, கட்டிலுக்கு. லாக்கருக்குச் சொந்தப் பூட்டு கொண்டுபோவது நல்லது; பூட்டு விற்பதும் அவர்களுக்கு ஒரு வருமானம். பெண்களுக்கு மட்டுமான அறைகளும், குடும்பத்துக்கு முழுதாகத் தரும் நான்கு கட்டில் அறைகளும் பல விடுதிகளில் உண்டு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட இது பெரும்பாலும் மலிவாக முடியும். வெள்ளி, சனி இரவுகளில் விலை ஏறும். சமையலறை உண்டா என்பதை முன்பதிவுக்கு முன் கேட்டுவிட வேண்டும்; நகர நடுவில் உள்ள சில விடுதிகள் சமையலறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மதுக்கூடம் நடத்துகின்றன, அளவுகோலின்படி அவை தேறா.

இப்போது வாக்களிக்கப்பட்ட மாணவர் விடுதிகள். லண்டன் பல்கலைக்கழகங்கள் தம் மாணவருக்கு அறையைப் பெரும்பாலும் நாற்பது வாரங்களுக்கு நெருக்கமான ஒப்பந்தத்தில் தருகின்றன. ஆனால் கட்டடத்தின் கடனுக்கு வட்டியும் காவலாளிக்குச் சம்பளமும் 52 வாரங்களுக்கும் ஓடுகின்றன. எஞ்சிய வாரங்களை நிரப்பவே, ஏறத்தாழ ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம்வரை அறைகள் வெளியாருக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. ஈஸ்டர் விடுமுறையிலும் சில விடுதிகள் திறப்பதுண்டு. லண்டன் பொருளியல் கல்லூரி எனப்படும் எல்.எஸ்.இ. இதில் நீண்ட அனுபவம் உடையது. டேட் மாடர்ன் ஓவியக் கூடத்தின் பின்புறம் உள்ள அதன் பேங்க்சைடு விடுதியிலிருந்து தேம்ஸ் நதியைக் கடந்து புனித பவுல் பேராலயத்துக்கு நடந்தே போகலாம். இம்பீரியல் கல்லூரியின் பெய்ட் விடுதி ராயல் ஆல்பர்ட் இசை அரங்குக்கு அடுத்தே இருக்கிறது. மூன்று பெரிய அருங்காட்சியகங்கள் கூப்பிடு தூரத்தில், அவற்றுக்குப் பொது நுழைவுக் கட்டணமும் இல்லை.

அறை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து போகிறவருக்கு மனக்குறை வராது. ஒற்றைக் கட்டில், அகலமான படிப்பு மேசை, நூலடுக்கு, கைகழுவும் தொட்டி, கட்டாயம் ஒரு ஜன்னல். பழைய விடுதிகளில் குளியலறை நடைபாதையின் கோடியில் பொதுவாக இருக்கும். புதியவற்றில் அறையோடு இணைந்திருக்கும், வாடகையும் அதற்கேற்பக் கூடும். சமையலறையில் அடுப்பு இருக்கும்; ஆனால் பாத்திரமும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. மாணவர்கள் தத்தம் பாத்திரங்களை எடுத்துச் சென்றிருப்பார்கள். ஆகவே சிறிய குக்கர் ஒன்றும் இரண்டு தட்டுகளும் பெட்டியில் வைப்பது வீண் சுமையாகாது. மின்சார அரிசிக் குக்கரை அறையிலேயே வைத்துச் சமைப்பதைத் தீ விபத்து அச்சத்தால் பெரும்பாலான விடுதிகள் தடுக்கின்றன; ஆவி பட்டாலே அலறும் புகை எச்சரிக்கைக் கருவியால் கட்டடம் முழுவதும் தெருவுக்கு வர நேரிடும். இடைத்தரகுத் தளங்களைக் காட்டிலும் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் விடுமுறைக்கால வாடகை என்ற பகுதியில் பதிவு செய்வதே நேரான வழி. பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்கு வரும் பெற்றோரே ஜூலை அறைகளில் கணிசமானவற்றைப் பிடித்துவிடுவதால், மார்ச் மாதத்திலேயே பார்க்கத் தொடங்க வேண்டும்.

தனியார் வீடுகளை முழுதாக வாடகைக்கு எடுப்பது பற்றி ஒன்றே ஒன்று: திட்ட அனுமதி பெறாத ஒரு வீட்டை லண்டனில் ஓராண்டில் 90 இரவுகளுக்குமேல் குறுகிய கால வாடகைக்கு விடக்கூடாது என்பது 2015 முதல் சட்டம். ஆண்டின் பிற்பகுதியில் நல்ல வீடுகள் தளங்களிலிருந்து மறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியருக்கு லண்டனில் அறை கிடைப்பதில் விலையைவிடப் பெரிய தடையாக நிறம் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தத் தடையை உடைக்கக் கட்டப்பட்ட இடங்களின் கதையில் தமிழருக்கு நேரடிப் பங்கு இருப்பதால் அதைத் தாண்டிச் செல்ல இயலாது. இந்திய மாணவருக்கு அறை தர வீட்டுக்காரர்கள் மறுத்து வந்த சூழலில், ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலை 1 அன்று வட லண்டனின் ஹைகேட்டில் 'இந்தியா ஹவுஸ்' என்ற விடுதியைத் திறந்தார். ஏறத்தாழ 25 மாணவர் தங்கலாம். நூலகமும் வாசிப்பறையும் சொற்பொழிவுக் கூடமும் உண்டு. வரகனேரி வ.வே.சு. ஐயரும், திருவல்லிக்கேணியிலிருந்து சென்ற எம்.பி.டி. ஆச்சார்யாவும் அங்கே வாழ்ந்தனர். அங்கிருந்த பொதுக்கூடம் எந்தெந்த விவாதங்களுக்கு இடம் தந்தது என்பது விடுதலைப் போராட்ட வரலாறு. 1909இல் மதன்லால் திங்ரா என்ற இந்திய மாணவர் கர்சன் வைலி என்ற பிரிட்டிஷ் அதிகாரியைச் சுட்டுக்கொன்ற பின் அந்த வீடு நீடிக்கவில்லை.

அடுத்த முயற்சி வேறு வகையினது. சேலத்தில் 1876இல் பிறந்து, இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியத் தேசியப் பொதுச் செயலராக உயர்ந்த கே.டி. பால், லண்டனில் இந்திய மாணவருக்கென ஒரு சங்கமும் விடுதியும் அமைவதற்கு 1920இல் வழிகோலினார். அதற்குக் கிடைத்த முதல் இடத்தின் வரலாறு வியப்புக்குரியது. ஷேக்ஸ்பியர் இறந்த 300ஆம் ஆண்டை முன்னிட்டு அவர் பெயரில் தேசிய நாடக அரங்கு கட்ட புளூம்ஸ்பரி பகுதியில் நிலம் வாங்கப்பட்டிருந்தது. முதல் உலகப் போர் மூண்டதால் அரங்கு எழவில்லை. அந்த வெற்று நிலத்தில் 1916இல் ஒய்.எம்.சி.ஏ. ஒரு மரக்கட்டுமானத்தை எழுப்பி, விடுப்பில் வரும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களுக்குப் படுக்கையும் உணவும் தந்தது. 'ஷேக்ஸ்பியர் குடில்' என்று அதற்குப் பெயர். வீரர்கள் ஊர் திரும்பியதும் காலியான அந்தக் குடில்தான் இந்திய மாணவருக்கு வந்தது. நாடகத்துக்காக வாங்கிய மண்ணில் போர்வீரருக்காகக் கட்டிய கூரையின் கீழ், சேலத்துக்காரர் ஒருவரின் முயற்சியால், மதராசிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த இளைஞர் தங்கினர். பின்னர் சங்கம் கோவர் தெருவுக்கு இடம்பெயர்ந்தது. குடில் இருந்த இடத்தில் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 1929இல் திறக்கப்பட்டு இன்றும் நிற்கிறது. தேசிய நாடக அரங்கு தனக்கெனக் கட்டடம் பெற 1976வரை காத்திருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1951 பிரிட்டன் விழாவின் புகழ்பெற்ற குவிமாடத்தை வடிவமைத்த ரால்ஃப் டப்ஸைக் கொண்டு ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் புதிய கட்டடம் எழுப்பப்பட்டு 1953இல் திறக்கப்பட்டது. அதுவே இன்றைய இந்திய ஒய்.எம்.சி.ஏ. மாணவர் அல்லாதாரும் தங்கலாம். வாரன் தெரு நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பெர்னார்ட் ஷாவும், அவருக்குப் பின் வர்ஜீனியா உல்ஃபும் குடியிருந்த 29ஆம் எண் வீடு அதே சதுக்கத்தில் இருக்கிறது. அறைகள் எளியவை, ஆனால் காலை உணவும் இரவு உணவும் வாடகையோடு சேர்ந்தே தரப்படுவது நெடுநாள் வழக்கம், பருப்பும் சோறும் சப்பாத்தியும் கிடைக்கும் அதன் உணவுக்கூடத்தில் வெளியாரும் காசு கொடுத்துச் சாப்பிடலாம். அறைக்கு வெளியே என்ன தரப்படுகிறது என்ற கேள்விக்கு மத்திய லண்டனில் இதைவிடத் தெளிவாக விடை சொல்லும் கட்டடம் அரிது.

உணவையும் அறையையும் பிரித்துக் கணக்குப் போடக்கூடாது என்பதை இவர்கள் அனைவருக்கும் முன்பே ஒரு சட்ட மாணவர் எழுதிவைத்துப் பார்த்திருக்கிறார். 1888இல் லண்டன் வந்து இறங்கிய காந்தி, விக்டோரியா ஹோட்டலில் தங்கிய சில நாளுக்கு 3 பவுண்ட் கட்டணம் கேட்கப்பட்டு அதிர்ந்ததையும், அவ்வளவு கொடுத்தும் பட்டினியாகவே இருந்ததையும் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். பிறகு ஒரு குடும்பத்தோடும், அதன்பின் தனியாக இரண்டு அறைகளிலும் வாழ்ந்தவர், இறுதியில் ஒரே அறைக்கு மாறி, ஓர் அடுப்பு வாங்கி, இருபது நிமிடத்தில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும் காய்ச்சிக்கொண்டு, நாளுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னியில் சாப்பாட்டை முடித்தார். இந்த மாற்றத்தால் மாதம் நான்கைந்து பவுண்ட் மிச்சமாகும் என்று அவர் கணக்கிட்டார். அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் அவரிடம் ஒரு விதி இருந்தது: போக வேண்டிய இடத்தை அரை மணி நேரத்தில் நடந்து அடையும்படி அறை அமைய வேண்டும், வண்டிக் கட்டணம் மிஞ்ச வேண்டும்.

அந்த விதி இன்று பொருந்துமா என்பதுதான் இவ்வாரம் இடம் கிடைக்காமல் போன மண்டலக் கணக்கு. லண்டன் சுரங்க ரயிலின் கட்டணம் நகரின் நடுவிலிருந்து வெளிநோக்கி விரியும் வளையங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வெளி வளையத்தில் அறை மலிவு, பயணம் விலை. ஆனால் பேருந்துக்கு வளையம் இல்லை, ஒருமுறை கட்டணம் செலுத்திய ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் மற்றப் பேருந்துகளுக்குக் காசும் இல்லை. ஈஸ்ட் ஹாமின் தமிழ்க் கடைத்தெருவிலிருந்து டிஸ்ட்ரிக்ட் தடத்தில் ஏறினால் மாறாமலே வெஸ்ட்மின்ஸ்டர் போய்விடலாம். வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் கணக்கு வேறு. ஒரு குடும்பம் ஒரு வாரம் தங்குவதாக வைத்துக்கொண்டு, இந்த மூன்று இடங்களின் வாடகை, பயணம், சாப்பாடு ஆகியவை அடுத்த இதழில் வரிசையாகக் கூட்டிப் பார்க்கப்படும்.